ஐந்துகுழல் உருளி: ஒரு கற்பனைச் சடங்குப் பொருள் ஆட்டத்தை என்ன செய்தது

மேசைக் கதையாட்டம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை வளர்க்கிற ஆட்டம்) நடத்துகிறவர்களுக்கும் கற்பனை உலகம் எழுதுகிறவர்களுக்கும் உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். நாகர்கோவிலில் எங்கள் குழு நெடுநாளாக ஆடிவரும் கதையில் பருவந்தோறும் ‘மண்பார்ப்பு’ என்று ஒரு சடங்கு வரும். அதற்காக ஐந்து மூங்கில் குழல்கள் நிற்கிற ஒரு உருளியை, அதாவது வாயகன்ற பித்தளைப் பாத்திரத்தை, கற்பனை செய்தோம், அப்புறம் ஆசை விடாமல் கையாலேயே செய்தும் வைத்தோம். அந்தப் பொருளில் இருக்கும் மந்திரம் ஒரே ஒரு வரி: மண்ணுக்கு நினைவு உண்டு. ஆட்டத்தைப் புரட்டிப் போட்டதோ, சடங்கின்போது எரியும் விளக்குக்கு யார் எண்ணெய் கொண்டுவருவது என்ற சின்ன வழக்கம்.

கதை நடக்கும் நாட்டுக்கு ஐந்துமடை என்று பெயர். கற்பனை நாடுதான், ஆனால் வரைபடத்தை நம் மாவட்டத்தைப் பார்த்துத்தான் போட்டேன். வடக்கே மலை, தெற்கே கடல், இடையில் பைக்கில் ஒரே நாளில் குறுக்கும் நெடுக்கும் போய்வந்துவிடக்கூடிய நிலம். கன்னியாகுமரி மாவட்டமே மொத்தம் சுமார் 1,670 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் மலையடிவாரத்துக் கறுப்பு மண், கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்பொறை (சரளை கலந்த செம்மண்), நாஞ்சில் நாட்டு வயல் களி, முட்டம் பக்கத்துச் செந்தேரி (சிவப்பு மணல்மேடு), அப்புறம் கடற்கரை மணல் என்று இத்தனை மண் கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்வதால் நெல்லும் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. ஐந்துமடையிலும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு வேறுபாடு, அங்கே பேச்சிப்பாறை கிடையாது. இங்கே 1906-ல் கட்டி முடித்த அந்த அணை இல்லாவிட்டால் கோதையாற்றுத் தண்ணீரை நம்பிய வயல்களின் கதி என்ன என்று யோசித்தால் பாதிக் கதை தானாகவே வந்துவிடும். ஒரு ஆறு, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஐந்து மடைகள், மடைக்கு ஒரு ஊர். தலைமடைக்காரன் கொழுப்பான், கடைமடைக்காரன் காத்திருப்பான்.

ஐந்திணையைத்தான் ஐந்து ஊராக வைத்தீர்களா என்று ஒருவர் கேட்டார். இல்லை, கையிலிருந்த உருளிக்குள் ஐந்து குழல்தான் நின்றது.

சடங்குக்கு நான் எழுதிக்கொடுத்த விதி இவ்வளவுதான்: முதல் அறுவடை முடிந்து இரண்டாம் மழை இறங்குமுன் ஐந்து ஊரும் ஒரு கைப்பிடி அளவுக்குக் கூடுதலாகத் தத்தம் மண்ணைக் கொண்டுவர வேண்டும். மண்ணைக் குழல்களில் நிரப்பி, உருளியில் நீர் ஊற்றி, குழல்களை அதில் நிறுத்தி, விளக்கேற்ற வேண்டும். விளக்கு அணைகிற நேரத்தில் எந்தக் குழலில் ஈரம் மிக உயரத்தில் நிற்கிறதோ, அந்த ஊர் போன பருவத்தில் தன் பங்குக்கு மேல் நீர் எடுத்திருக்கிறது என்று பொருள். அந்த ஊரின் மடை இந்தப் பருவம் கடைசியாகத்தான் திறக்கும். விளக்கும் எண்ணெயும் தலைமடை ஊரின் காணிக்கை. குழலைப் பார்த்துச் சொல்பவர் கடைமடை ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

இதில் ஒரு முடிவை மட்டும் வேண்டுமென்றே எடுத்தேன். மண் வருங்காலத்தைச் சொல்லாது, போன பருவத்தின் கணக்கைத்தான் சொல்லும். குறி சொல்லும் பொருளென்றால் எல்லாரும் வருங்காலத்துக்குத்தான் போவார்கள், மேசையில் அது படுத்துவிடும். ‘பெருமழை வரும்’ என்று மண் சொல்லிவிட்டால் ஆடுகிறவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ‘நீ திருடினாய்’ என்று சொன்னால் ஒருவராவது எழுந்து நிற்பார். நம் பக்கத்துக் கோயில்களில் தேவப்பிரசன்னம் (தெய்வத்தின் மனசை அறியச் சோழி உருட்டிக் குறி பார்ப்பது) பார்ப்பதைக் கவனித்திருந்தால் இது புரியும். சோழி உருட்டியதும் முதலில் வருகிற பேச்சு எந்தப் பூசை நின்றுபோனது, எந்த வழக்கம் விட்டுப்போனது என்கிற பழைய கணக்குதான், அதைக் கேட்டுத்தான் கூட்டத்தில் முகங்கள் மாறும்.

வேறு ஊர்களின் குறிமுறைகளையும் புரட்டிப் பார்த்தேன். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் இருக்கிற இஃபாவில் பதினாறு பனங்கொட்டைகளைக் கையில் அள்ளி, மிஞ்சுவதை வைத்து மரத்தட்டில் பொடியின் மேல் கோடு போடுகிறார்கள். மொத்தம் 256 வடிவங்கள் வரலாம், ஒவ்வொன்றுக்கும் மனப்பாடமான பாடல்கள் உண்டு. யுனெஸ்கோ 2005-ல் அதை அங்கீகரித்தது. நம்மிடம் முருகன் பூசாரியான வேலன் கழங்குக் காய்களைப் போட்டுப் பார்த்ததும் நாழியில் நெல்லும் முல்லையும் வைத்து விரிச்சி (காதில் விழுகிற நற்சொல்) கேட்டதும் சங்கப் பாட்டுகளிலேயே வருகின்றன. கொட்டையும் நெல்லும் எங்கேயும் தாமாக வாய் திறப்பதில்லை, பார்க்கிறவர் ஒருவர் வேண்டும், அவரை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மண் என்று வந்துவிட்டால் நாகர்கோவில்காரர்களுக்கு நாகராஜா கோயில் நினைவுக்கு வராமல் இருக்காது. ஓலைக் கூரைக் கருவறையிலிருந்து எடுக்கிற ஈர மண்தான் அங்கே பிரசாதம், அது ஆண்டில் பாதி கறுப்பாகவும் பாதி வெளுப்பாகவும் இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. கன்னியாகுமரிக் கடற்கரையில் நிறம் நிறமாகக் கிடக்கும் மணலோ, நடக்காமல் போன தேவியின் கல்யாணத்துக்குச் சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் என்பார்கள். அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி மணவாளக்குறிச்சிக் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அதில் அணு எரிபொருளுக்கான தோரியம் இருக்கிறது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மண் தனக்குள் எதையோ வைத்திருக்கிறது என்று இந்த மாவட்டத்தில் யாரையும் நம்பவைக்கப் பாடுபட வேண்டியதில்லை. பொருள் செய்யும்போது கோயில் மண்ணையும் கருமணலையும் நாங்கள் தொடவில்லை. முதலாவது பிரசாதம், விளையாட்டுக்கு எடுக்கக் கூடாது. இரண்டாவதை அள்ளினால் சட்டச் சிக்கல்.

சரி, பொருளுக்கு வருவோம். பழைய பித்தளை உருளி ஒன்று, ஒரு முழ நீள மூங்கில் குழல்கள் ஐந்து. கணுக்களைத் தட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழலிலும் நீளவாக்கில் ஒரு பிளவு, உள்ளே ஈரம் ஏறுவதைப் பார்ப்பதற்காக. கதையில் அந்தப் பிளவை மூடுவது காக்காப்பொன் (மைக்கா) தகடு, எங்கள் மேசையில் ஓஹெச்பி ஷீட் என்கிற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் தாள். அடிவாயில் பழைய தோர்த்தை (மெல்லிய பருத்தித் துண்டு) கிழித்து இரண்டு மடிப்பாகக் கட்டியிருந்தோம், மண் விழாது, நீர் ஏறும். அலங்காரம் எதுவும் கிடையாது. முதலில் ஒருவர் குழல்மேல் பாம்பு செதுக்கலாம் என்றார், இன்னொருவர் முகமூடி, பாட்டு எல்லாம் வேண்டும் என்றார். பாட்டை எழுதியும் வந்தார், ஒருமுறை பாடினோம், அதோடு சரி.

இந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் பின்னால் நடந்தது புரியாது, அதனால் கொஞ்சம் பள்ளிக்கூடப் பாடம். நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்போம். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் தானாக ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஏறும், விட்டம் பத்தில் ஒன்றானால் உயரம் பத்து மடங்காகி 30 சென்டிமீட்டர் வரும். மண்ணிலும் இதே கணக்குதான், துகளுக்கும் துகளுக்கும் இடையிலுள்ள சந்துதான் அங்கே குழாய். கடற்கரை மணலில் சந்து பெரிது, நீர் விறுவிறுவென்று ஏறிச் சீக்கிரமே நின்றுவிடும். தேரி மணல் அதைவிட நுண்மையானது, வேகமும் உண்டு, உயரமும் உண்டு. வயல் களியில் சந்து மிகமிகச் சிறிது, மற்ற எல்லாவற்றையும்விட உயரம் போகக் கூடியது, ஆனால் அத்தனை நெரிசலான வழியில் நீர் நகர நெடுநேரம் பிடிக்கும், மணலுக்கு நிமிடக் கணக்கென்றால் களிக்கு மணிக்கணக்கு, சில சமயம் நாள்கணக்கு. செம்பொறை மண் சரளை கலந்தது, சலித்தால் ஒரு மாதிரி, சலிக்காவிட்டால் வேறு மாதிரி. இலைமக்கு நிறைந்த மலையடிவார மண் நன்றாகக் காய்ந்துவிட்டால் இன்னொரு குணம் காட்டும்: மக்கிய இலைகளின் மெழுகுத்தன்மை துகள்களின்மேல் படிந்து நீரை ஒட்டவிடாது, சேம்பிலையில் விழுந்த துளி மாதிரி நீர் மேலேயே உருண்டு நிற்கும்.

அதாவது மந்திரம் இருக்கிறதோ இல்லையோ, விளக்கு சீக்கிரம் அணைந்தால் தேரி ஊர் குற்றவாளி, வெகுநேரம் எரிந்தால் வயல் ஊர் குற்றவாளி. விதியில் ‘விளக்கு அணைகிற நேரத்தில்’ என்று எழுதியது ஒரு அழகுக்காக, கடிகாரமில்லாத நாட்டில் நேரத்தைச் சொல்ல வேறு வழியும் தோன்றவில்லை. எண்ணெயைத் தலைமடைக்குக் கொடுத்ததும் அப்படித்தான், பணக்கார ஊர் விளக்கு கொடுப்பது வழக்கந்தானே.

முதல் மண்பார்ப்பில் தலைமடை வயல் ஊருக்காக ஆடியவர் தாழக்குடிப் பக்கம், வீட்டில் உண்மையிலேயே வயல் உண்டு. கார்த்திகைக்கு வைக்கிற சின்ன அகல் ஒன்றைக் கொண்டுவந்தார். சூது ஒன்றும் இல்லை, கையில் கிடைத்தது அது. நடுமடைகளில் செம்பொறை ஊருக்குக் கருங்கல்காரர், மலை ஊருக்குக் குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் இருக்கிற குடும்பத்துப் பையன். தேரி ஊருக்கு முட்டத்துக்காரர். கடற்கரை ஊர் கடைமடை, அதற்கு ஆடியவர் தோவாளையில் பூ வியாபாரம் செய்கிற அக்கா, விதிப்படி குழல் பார்த்துச் சொல்ல வேண்டியவரும் அவரே. அகல் அரைமணிக்குள் அணைந்தது. மணல் குழலில் ஈரம் பாதியில் நின்றுவிட்டது, தேரிக் குழலில் அதைத் தாண்டிப் போய்விட்டது, களிக் குழலின் அடியில் மட்டும் லேசாகக் கறுத்திருந்தது. அக்கா பார்த்ததைச் சொன்னார். தேரி ஊரின் மடை கடைசியாகத் திறக்கும் என்று தீர்ப்பாயிற்று.

முட்டத்துக்காரர் கொஞ்சநேரம் பேசவில்லை. கதையில் அவர் ஊர் ஆற்றின் வால் பக்கம், கிடைப்பதே மற்றவர்கள் விட்ட மிச்சம். அப்புறம் கேட்டார்: “நாங்க கூடுதலா எடுத்தோமா? எங்களுக்கு வெள்ளமே வந்து சேரேல்ல. சரி மக்கா, அந்த விளக்கு யாருக்க விளக்கு?” (எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்.)

அங்கே இருந்து ஆட்டம் வேறு வழியில் போனது. நான் அந்தப் பருவத்துக்கு மலைப்பக்கம் ஒரு புலி, காணாமல் போன ஒரு மடைக்காவலன் என்று ஏதேதோ தயாரித்து வைத்திருந்தேன், ஒருவரும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முட்டத்துக்காரரின் பாத்திரம் ஊர் ஊராகப் போய் வயசானவர்களிடம் பழைய தீர்ப்புகளைக் கேட்க ஆரம்பித்தது. நான் என்ன செய்ய? அவர் கேட்கக் கேட்க, விளக்கு சின்னதென்றால் பெரும்பாலும் எந்த ஊர் மாட்டியிருக்கும் என்று இயற்பியலை வைத்தே பதில் சொல்லிக்கொண்டு போனேன். தலைமுறை தலைமுறையாகத் தேரி ஊர் திருட்டு ஊர் என்று பெயர் வாங்கியிருக்கிறது, அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டக் கூடாது என்று ஒரு பேச்சுகூட உண்டு என்று அந்த இடத்திலேயே முளைத்தது. பொருளைப் பற்றி நான் முன்கூட்டி எழுதிய இரண்டு பக்க வரலாற்றைவிட இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்த வரலாறு எவ்வளவோ மேல்.

அடுத்த மண்பார்ப்புக்கு அவர் ஒரு பாட்டில் நல்லெண்ணெயோடு வந்தார். விதியில் விளக்கு தலைமடையின் காணிக்கை என்றுதான் இருக்கிறது, அணையப் போகிற விளக்கில் வேறு யாரும் எண்ணெய் விடக்கூடாது என்று எங்கும் இல்லை என்றார். தாழக்குடிக்காரர் கொதித்துவிட்டார், வழக்கம் என்றால் வழக்கந்தான், எழுதியிருக்க வேண்டியதில்லை என்றார். இரண்டுமே நியாயம். நான் தீர்ப்புச் சொல்லாமல் அக்காவைப் பார்த்தேன், கதையிலும் பார்வைக்காரி அவர்தானே. அவர் சொன்னார், விளக்கு எரிகிறவரை என் வாய் திறக்காது, யார் எண்ணெய் என்று பார்ப்பது என் வேலையில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எல்லாரும் கிளம்பவேண்டிய நேரம் வந்தும் எரிந்தது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, உருளியை என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள், நான் தூங்கப் போகும்வரை எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டேன். காலையில் எழுந்து பார்த்தால் விளக்கு அணைந்திருக்கிறது, களிக் குழலில் ஈரம் தேரியைத் தாண்டி நாலு விரல் மேலே நிற்கிறது. படம் எடுத்து வாட்சப் குழுவில் போட்டேன். அன்றைக்கு முழுக்க யாரும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

தாழக்குடிக்காரரின் வாதத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. மண்ணுக்கு உண்மையிலேயே நினைவு உண்டு என்று இந்த உலகத்தில் ஏற்றுக்கொண்டோம் அல்லவா? அப்படியானால் சின்ன விளக்கின் தீர்ப்பும் மண்ணின் தீர்ப்புதான், பெரிய விளக்கின் தீர்ப்பும் மண்ணின் தீர்ப்புதான், எது சரி என்று நீர் எப்படிச் சொல்வீர் என்று என்னைக் கேட்டார். வெறும் நுண்புழை ஏற்றம் என்றால் சடங்கே பொய், மந்திரம் மெய் என்றால் விளக்கு எவ்வளவு நேரம் எரியும் என்பதும் மந்திரத்தின் பகுதியாக ஏன் இருக்கக் கூடாது? நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆட்டம் நடத்துகிறவர் வாயைத் திறந்து “உண்மையில் களவாண்டது இந்த ஊர்தான்” என்று சொல்லிவிட்டால் உருளி அன்றோடு வெறும் பாத்திரம். ஐந்துமடையில் பாதிப்பேர் நீண்ட விளக்குக் கட்சி, மீதிப்பேர் அகல் கட்சி, இரண்டு கட்சிக்கும் தத்தம் நிலத்தின் மண்தான் காரணம் என்பதை யாரும் வெளியே சொல்வதில்லை.

மூன்றாவது பருவத்தில் ஒரு சமரசம் வந்தது. ஐந்து ஊரும் ஆளுக்கொரு கரண்டி எண்ணெய், பார்ப்பது விடியற்காலை. நியாயமாகத் தெரிந்தது. ஆனால் இதற்குள் குலசேகரத்துப் பையன் சும்மா இருக்கவில்லை. மலை மண்ணை ரப்பர் ஷீட் புகைபோட்டு உலர்த்தும் அறைக்குள் வைத்து நன்றாகக் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறான், அது எங்களுக்கு அப்போது தெரியாது. விடியும்போது மற்ற நான்கு குழல்களிலும் ஈரம் ஏறியிருக்க, மலைக் குழலில் சொட்டு ஈரமில்லை. கதைக்குள் அதை எப்படிப் படிப்பது? மலை ஊர் ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை என்று அவன் சொன்னான். மலை பேச மறுக்கிறது, அது கெட்ட சகுனம் என்று கருங்கல்காரர் சொன்னார். அக்கா மட்டும் குழலைத் தட்டி மண்ணைக் கையில் கொட்டி, ஒரு துளி நீர் விட்டு, அது முத்து மாதிரி உருள்வதைப் பார்த்துவிட்டு, “இது குடிக்காத மண்ணு இல்ல தம்பி, குடிக்க விடாம பண்ணின மண்ணு” என்றார். விதியில் மண்ணைத் தொட்டுப் பார்ப்பவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து ஒரு புது வழக்கம்: குழலில் போடுமுன் ஒவ்வொரு ஊர் மண்ணிலும் நீர் தெளித்துப் பார்க்க வேண்டும். அந்த நீரை யார் தெளிப்பது என்று இப்போதே சண்டை தொடங்கிவிட்டது.

இதையெல்லாம் வைத்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். சடங்குப் பொருளை வலுவாக்க மந்திரத்தைக் கூட்டிக்கொண்டே போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, ரத்தம் கேட்கும் கத்தி, பேசும் மண்டையோடு என்று. அந்த உழைப்பில் பாதியைச் சடங்கின் சில்லறை விவரங்களில் போடலாம்: எண்ணெய் யார் தருவது, துணி யார் கட்டுவது, மண்ணை எந்த இடத்தில் அள்ளுவது, பார்க்கிறவருக்குக் கூலி யார் கொடுப்பது. ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு ஊரின் கையில் கொடுத்துவிட வேண்டும், ஏன் என்று காரணம் சொல்லக் கூடாது. அப்புறம் ஆடுகிறவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். இதற்குப் பொருள் கொஞ்சமாவது நிஜமாக வேலை செய்ய வேண்டும், இது முக்கியம். தாயக்கட்டையை உருட்டி ஈரத்தின் உயரத்தைத் தீர்மானித்திருந்தால் முட்டத்துக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார், ஏனென்றால் தாயக்கட்டைக்கு மணலும் களியும் ஒன்று.

இந்தப் பொருளில் குறையும் உண்டு. கடற்கரை மணல் எந்த விளக்கிலும் மேலே வராது, அதனால் கடைமடை ஊர் எப்போதும் தப்பித்துக்கொள்கிறது, அக்காவுக்குக் கதையில் இழக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பார்வைக்காரி வேலையை வேறொரு ஊருக்கு மாற்றலாமா என்று பேச்சு நடக்கிறது, அவர் சம்மதிக்கவில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில கைக்குறிப்புகள். களியைக் கட்டியாகப் போட்டால் நடுவில் பெரிய இடைவெளி விழுந்து ஈரம் ஏறாது, இடித்துச் சலித்துப் போட வேண்டும். எல்லாக் குழலையும் நிரப்பும்போது தரையில் ஒரே அளவு தட்ட வேண்டும், தளர்வாக நிரப்பியதும் இறுக்கியதும் வேறு வேறு உயரம் காட்டும். உருளியில் நீர் இரண்டு விரல் உயரம் போதும், ஆனால் இரவு முழுக்க வைப்பதென்றால் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர மூங்கில் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும், ஆட்டம் முடிந்ததும் மண்ணைக் கொட்டி வெயிலில் காயவைத்துவிடுங்கள். எரிகிற விளக்கை யாராவது விழித்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், ஓஹெச்பி ஷீட் பக்கத்தில் இருக்கிறது.